அரிக் ஐன்ஸ்டைனை எந்த வாசல் வழியாகக் கேட்கத் தொடங்குவது?

எபிரேய மொழிப் பாடல்களை அறிந்துகொள்ள விரும்பும் எவரும், எங்கே தொடங்கினாலும், சில நாட்களுக்குள் அரிக் ஐன்ஸ்டைன் என்னும் பெயரை வந்தடைவார். 1939 ஜனவரி 3 அன்று டெல் அவிவில் பிறந்து, 2013 நவம்பர் 26 அன்று அதே நகரில் மறைந்த இந்தப் பாடகர், ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாடிச் சுமார் 500 பாடல்களைப் பதிவு செய்துவிட்டுச் சென்றிருக்கிறார். எண்ணிக்கை மட்டும் சிக்கல் என்றால் பொறுமையால் அதைத் தீர்த்துவிடலாம். ஒரே மனிதர் ராணுவக் கலைக்குழுவின் துள்ளல் பாட்டையும், ராக் இசையையும், முன்னோடிக் குடியேறிகளின் பழம்பாடல்களையும், நவீன கவிதைகளையும், குழந்தைப் பாட்டையும் பாடியிருப்பதுதான் உண்மையான சிக்கல். தவறான இடத்தில் தொடங்குகிறவர், நான்கு பாடல்களோடு, இவருக்கு ஏன் இவ்வளவு புகழ் என்று கேட்டு ஒதுங்கிவிடுவார். நானும் முதல் முறை அப்படி ஒதுங்கியவன்தான். எனவே எபிரேயம் தெரியாத, அல்லது இப்போதுதான் எழுத்துக்கூட்டத் தொடங்கியிருக்கிற ஒரு தமிழ் வாசகர் எந்தத் தொகுப்பை முதலில் கையில் எடுக்கலாம் என்ற கேள்வியை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் என் தீர்ப்பு முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. ஐன்ஸ்டைன் இசையமைப்பாளர் அல்லர். வரிகள் எழுதினார், அவற்றுள் சில எபிரேய மொழியின் அன்றாடப் பேச்சில் கலந்துவிட்டன. ஆனால் மெட்டுகள் பெரும்பாலும் பிறர் போட்டவை. ஷ்முலிக் கிராவுஸ், ஷாலோம் ஹனோக், மிக்கி கவ்ரியேலோவ், யொனி ரெக்தர், இட்ஸ்ஹாக் கிளெப்டர், கடைசிக் காலத்தில் காய் போகாத்தி என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் இசைத் தோழர் அவரருகில் இருந்தார். தோழர் மாறும்போது பாட்டின் தன்மையும் மாறியது. குரல் மட்டும் மாறவில்லை: உரத்து எழாத, அலங்காரம் இல்லாத, பக்கத்து நாற்காலியில் அமர்ந்து பேசுவதுபோன்ற தாழ்ந்த ஆண்குரல். ஆகவே எந்தத் தொகுப்பு என்ற கேள்வி, சற்று உற்றுப் பார்த்தால், எந்தத் தோழரோடு இருக்கும் ஐன்ஸ்டைனை முதலில் சந்திப்பது என்ற கேள்வியாகவே முடிகிறது.

முதலில் கைக்குக் கிடைப்பது, பொறுக்கிய பாடல்களின் தொகுப்பு. யூடியூபிலோ வேறு இசைச் செயலியிலோ பெயரைத் தேடினால் முன்னால் வந்து நிற்பவை இத்தகைய கலவைகளே. செலவில்லாதது, உழைப்பில்லாதது, எல்லாக் காலத்தையும் தொட்டுக்காட்டுவது என்று இதற்குச் சாதகமாகச் சொல்ல நிறைய உண்டு; இருந்தும் நான் பரிந்துரைக்க மாட்டேன். 1967இன் மூவிணைக் குரலும், 1970இன் மின்கிதாரும், 1980களின் பியானோவும் முன்பின் அறிவிப்பில்லாமல் அடுத்தடுத்து வரும்போது, அந்த அடக்கமான குரல் ஒவ்வொரு இசைச் சூழலிலும் எப்படித் தன்னை வைத்துக்கொள்கிறது என்ற நுட்பமே காதில் விழுவதில்லை. கமகத்துக்கும் நீண்ட சஞ்சாரத்துக்கும் பழகிய நம் காதுக்கு அந்தக் குரல் தொடக்கத்தில் தட்டையாகக்கூடத் தோன்றலாம். ஒரே மனநிலையில் அமைந்த ஒரு முழு இசைத்தட்டை இரண்டு முறை கேட்ட பிறகுதான் அந்தத் தட்டைத்தன்மை அவர் தெரிந்தே கடைப்பிடித்த சிக்கனம் என்று புரிகிறது.

இரண்டாவது வழி, வாழ்க்கை வரலாற்றைப் பின்தொடர்ந்து முதலிலிருந்து வருவது. படிப்பதற்கு இது மிகச் சுவையான வழி. தந்தை யாக்கோவ், தொழிலாளர் அரங்காகத் தொடங்கிய ஓஹெல் நாடகக் குழுவின் நடிகர். மகனோ இளமையில் விளையாட்டு வீரர். உயரம் தாண்டுதலிலும் குண்டு எறிதலிலும் நாட்டின் இளையோர் வாகையர். ஹப்போயெல் டெல் அவிவ் அணிக்காகக் கூடைப்பந்து ஆடியவர். அந்தக் கழகத்தின்மீது கொண்ட பற்றை இறுதிவரை விடாதவரும்கூட. கிட்டப்பார்வை காரணமாகப் போர்ப் பிரிவுக்கு உதவாதவராக அவர் இருந்தபோது, தந்தையின் தூண்டுதலால் ராணுவக் கலைக்குழுவின் குரல் தேர்வுக்குச் சென்று, 1957இல் நஹால் குழுவில் சேர்ந்தார். அந்நாளைய இஸ்ரேலில் ராணுவக் கலைக்குழுக்களே பாடகர்களின் பயிற்சிப் பள்ளியாக இருந்தன என்பதால், பார்வைக் குறைபாடு அவரை ஒருவகையில் உரிய இடத்தில் கொண்டுபோய் இறக்கியது என்று சொல்லலாம். பின்னாளில், 1980இல், ஒரு தொகுப்புக்கு அவர் 'கண்ணாடி என்னும் ஆயுதம் தாங்கியவன்' என்று பொருள்படும் பெயரை வைத்தபோது இதை நினைத்துத்தான் சிரித்திருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

படைச்சேவைக்குப் பிறகு 'பச்சை வெங்காயம்' என்னும் நகைச்சுவை மேடைக் குழு, 1964இல் எஃப்ராயிம் கிஷோனின் 'சல்லா ஷபாத்தி' திரைப்படத்தில் ஒரு வேடம், அதே காலத்தில் யெஹோராம் காவோன், பென்னி அம்துர்ஸ்கி, இஸ்ரயேல் குரியோன் ஆகியோரோடு சேர்ந்து பாடிய 'யார்கோன் பாலம்' குழு என்று வரலாறு விரைந்து செல்கிறது. ஆனால் கேட்பவருக்கு இந்தப் பத்தாண்டு சோதனைதான். இணைக்குரல்கள் துல்லியமானவை, மெட்டுகள் இனியவை. எனினும் அக்காலத்து மேடைப் பாங்கில் மலர்ந்த முகமும் நிமிர்ந்த நெஞ்சுமாகப் பாடும் அந்த இளைஞரைப் பிற்கால ஐன்ஸ்டைனாக அடையாளம் காண்பதற்குப் பழகிய காது வேண்டும். இந்த வழியில் செல்பவர் நல்ல பகுதியை எட்டும் முன்பே களைத்துப்போக வாய்ப்பு அதிகம். வரலாற்றைப் படிக்கலாம், கேட்பதை வேறிடத்தில் தொடங்கலாம்.

இந்தப் பத்தாண்டிலிருந்து ஒரே ஒரு விதிவிலக்கு எடுத்துவைக்கத் தக்கது: 1967இல் வெளிவந்த 'உயர்ந்த சாளரங்கள்' குழுவின் தட்டு. எருசலேமில் பிறந்த ஷ்முலிக் கிராவுஸ் இசையமைக்க, அமெரிக்காவில் பிறந்த ஜோசி காட்ஸும் ஐன்ஸ்டைனும் உடன்பாடினர். கூட்டுப் பண்ணைகளின் நெருப்பைச் சுற்றி எல்லோரும் சேர்ந்து பாடும் மரபிலிருந்து விலகி, நகரத்து அறையில் மூன்று பேர் பாடுவதுபோல் அமைந்த தட்டு அது. இறைவாக்கினர் எசேக்கியேலை விளையாட்டாகத் தொட்ட ஒரு பாடல் சமயப்பற்றாளர்களின் எதிர்ப்பைச் சம்பாதித்துக்கொண்டது என்பதே அது எவ்வளவு புதிய காற்றாக இருந்தது என்பதற்குச் சான்று. குழு நெடுநாள் நிலைக்கவில்லை. அரை மணி நேரத்தில் கேட்டு முடிக்கலாம் என்பதாலும், மொழி தெரியாமலே குரல்களின் பின்னல் பிடிபடும் என்பதாலும், அவசரக்காரர் இதை முதல் தட்டாகக் கொண்டால் நான் தடுக்க மாட்டேன். ஆனால் இதில் கேட்பது மூன்றில் ஒரு பங்கு ஐன்ஸ்டைனைத்தான்.

இசை விமர்சகர்களிடம் கேட்டால் பெரும்பாலோர் மூன்றாவது வழியைத்தான் காட்டுவார்கள்: 1969, 1970 ஆகிய இரண்டு ஆண்டுகள். சர்ச்சில்ஸ் என்னும் ராக் குழுவின் துணையோடு 1969இல் வெளியிட்ட 'பூஸி', எபிரேய மொழியின் முதல் ராக் தட்டு என்று பரவலாகக் குறிக்கப்படுவது. அதற்கடுத்த ஆண்டில் ஷாலோம் ஹனோக்குடன் இணைந்து செய்த 'ஷப்லூல்', 'பிளாஸ்டலினா' இரண்டும் அந்தப் பாதையின் உச்சம். மிஷ்மரோத் கூட்டுப் பண்ணையில் 1946இல் பிறந்த ஹனோக் அப்போது இருபதுகளின் நடுவில் இருந்தவர்; அச்சம் அறியாத மெட்டுக்காரர். 1968இல் சோவியத் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்ததை மனத்தில் வைத்து அவர் எழுதி இசையமைத்த 'பிராக்' பாட்டை ஐன்ஸ்டைன் பாடும்போது, தொலைவில் வீழும் ஒரு நகரத்துக்காக மற்றொரு சின்ன நாட்டின் கடற்கரையில் நின்று ஒருவர் வருந்துவதைக் கேட்கிறோம். கோஷம் ஏதும் இல்லை.

இந்த வழியின் பலம் வெளிப்படையானது. அறுபதுகளின் பிரித்தானிய இசை யாருடைய காதில் ஏற்கெனவே தங்கியிருக்கிறதோ, அவருக்கு எபிரேயம் ஒரு தடையாகவே இராது. 'ஷப்லூல்' என்றால் நத்தை. அதே பெயரில் போவாஸ் டேவிட்சன் இயக்கிய படமும் 1970இல் வந்தது. தட்டும் படமும் ஒரே நண்பர் கூட்டத்தின் அரட்டையிலிருந்து பிறந்தவை. அந்தக் கூட்டம் 'லூல்', அதாவது கோழிக்கூடு, என்ற பெயரில் தொலைக்காட்சிக்காகச் செய்த சில நிகழ்ச்சிகளில் ஒரு நாடகத் துணுக்கு இன்றும் பேசப்படுகிறது. ஐன்ஸ்டைனும் அவர் நண்பர் ஊரி சோஹரும் கடற்கரையில் ஒவ்வோர் அலைக் குடியேறிகளாகவும் மாறி மாறி வேடமிட்டு வந்து இறங்குகிறார்கள்; நேற்று வந்தவர் இன்று வருபவரைப் பார்த்து முகம் சுளிக்கிறார், இன்று வந்தவர் நாளை வருபவரைப் பார்த்து அதே சுளிப்பைச் சுளிக்கிறார். ரஷ்யர், போலந்தியர், ஏமனியர், ஜெர்மானியர், மொராக்கோவினர் என்று வரிசை நீள்கிறது. ஒரு நாட்டின் உள்முரண்பாட்டைச் சில நிமிடங்களில் இதைவிடச் சுருக்கமாகக் காட்டிய வேறொன்றை நான் பார்த்ததில்லை. 1972இல் சோஹர் இயக்கிய 'மெட்ஸிட்ஸிம்' படத்தில் ஐன்ஸ்டைன் ஒரு பாடகராக நடித்தார். அதில் வரும் டெல் அவிவ் கடற்கரைக்குப் பின்னாளில் அந்தப் படத்தின் பெயரே நிலைத்துவிட்டது. கண்ணால் பார்த்துப் பழகுவது எளிது என்பவருக்கு இந்தக் காலமே பொருந்தும்.

இருப்பினும் இதை முதல் வாசலாக வைக்க எனக்குத் தயக்கம் உண்டு. இந்தத் தட்டுகளின் இயந்திரம் ஹனோக். மெட்டின் பாய்ச்சல், வரிகளின் குறும்பு, திடீர்த் திருப்பங்கள் எல்லாம் அவருடைய உடலிலிருந்து வருபவை. 1971இல் அவர் இங்கிலாந்துக்குச் சென்றார். பின்னர்த் திரும்பி வந்து தனியாகவும் 'தமூஸ்' குழுவோடும் பாடியதைக் கேட்டால், 'ஷப்லூல்' எந்த அளவுக்கு அவர் உலகம் என்பது விளங்கும். ஐன்ஸ்டைன் அதில் மிகச் சிறந்த விருந்தாளி. அந்த இரண்டு ஆண்டுகளை மட்டும் கேட்டவர் அவரை ராக் பாடகர் என்று மனத்தில் பதித்துக்கொண்டு, மற்ற நாற்பதாண்டுப் பாட்டை ஒரு புரட்சியாளர் வயதாகித் தணிந்த கதையாகப் படித்துவிடுவார். அது பிழையான படிப்பு. அவர் தணியவில்லை, ஏனெனில் எப்போதுமே கொதித்தவர் அல்லர்.

நான்காவது வழியை இஸ்ரேலில் உள்ள நடுத்தர வயதினர் அன்போடு சொல்வார்கள். 1973இல் தொடங்கிச் சில தட்டுகளாக நீண்ட 'பழைய, நல்ல இஸ்ரேல் தேசம்' வரிசை அது. நாடு உருவாவதற்கு முந்தைய பல பத்தாண்டுகளில் குடியேறிகள் பாடிய பாடல்களை ஐன்ஸ்டைன் மறுபடியும் எடுத்துப் பாடினார். மொர்தெகாய் செயிரா, சாஷா அர்கோவ் போன்று ரஷ்யப் பேரரசில் பிறந்து பாலஸ்தீனத்துக்கு வந்து சேர்ந்த இசையமைப்பாளர்களின் தலைமுறை படைத்த பாடல்வெளி அது. கூட்டமாக, அணிநடை போட்டுப் பாடுவதற்கென்று பிறந்த பாடல்களை அவர் தனியாளாக, மெதுவாக, ஓர் எளிய பக்கவாத்தியத்தோடு பாடினார் என்பதில்தான் புதுமை இருந்தது. நேற்றுவரை மின்கிதார் வாசித்தவர்களோடு சுற்றியவர் தாத்தாக்களின் பாட்டுக்குத் திரும்பியது பலரை வியக்க வைத்தது. அதே 1973 அக்டோபரில் எகிப்தும் சிரியாவும் தாக்க, யோம் கிப்பூர் போர் மூண்டு நாட்டின் தன்னம்பிக்கையை உலுக்கிய பிறகு, அந்தத் தலைப்பு ஓர் ஏக்கச் சொற்றொடராகவே எபிரேயத்தில் நிலைத்துவிட்டது.

இங்கேதான் வெளியிலிருந்து வருபவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஏக்கப் பாட்டு, ஏங்கும் பொருளை அறிந்தவருக்கே பயன்படும். அந்தப் பழைய நாட்டின் ஆரஞ்சுத் தோட்டங்களும் மணல் வீதிகளும் ஒரு தலைமுறையின் இளமை. அந்தப் படத்துக்குள் அங்கிருந்து பெயர்ந்துபோன அரபுக் கிராமத்தாரும் இல்லை, 1950களின் தற்காலிக முகாம்களில் வந்து அடைந்த ஈராக், மொராக்கோ யூதர்களும் அதிகம் இல்லை. அந்த முகாம்களின் பிள்ளைகள் தங்கள் பாட்டைப் பிறகு ஒலிநாடாக்களில், டெல் அவிவ் மத்தியப் பேருந்து நிலையத்துக் கடைகளில், சோஹர் அர்கோவ் போன்ற பாடகர்களின் குரலில் கண்டடைந்தார்கள். ஐன்ஸ்டைன் இந்த விடுபடலைத் திட்டமிட்டவர் என்று நான் குற்றம் சாட்டவில்லை. 'லூல்' துணுக்கில் நடித்தவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் எதுவும் அறியாமல் இந்த வரிசையில் தொடங்குகிறவர் அழகான மெட்டுகளை மட்டும் கேட்டுவிட்டு, அந்த அழகின் ஓரத்தில் நிற்கும் கேள்விகளைக் கேட்காமலே போய்விடுவார். எனவே இதைப் பட்டியலின் கடைசிக்கு அருகில் வைக்கிறேன். தரத்தில் குறைந்தது என்பதால் அன்று.

இனி, நான் தேர்ந்தெடுக்கும் வாசல். ஹனோக் சென்ற பிறகு ஐன்ஸ்டைனின் பக்கத்தில் வந்து அமர்ந்தவர் மிக்கி கவ்ரியேலோவ். சர்ச்சில்ஸ் குழுவில் பேஸ் கிதார் வாசித்தவர். 1971இல் இருவரும் செய்த 'அவிக்டோர் வீட்டுப் புல்வெளியில்' என்னும் தட்டின் பெயரே சூழலைச் சொல்லிவிடுகிறது: நண்பர் ஒருவரின் புல்தரை, மாலை நேரம், அவசரம் இல்லை. ஐன்ஸ்டைன் எழுதிக் கவ்ரியேலோவ் மெட்டமைத்த 'நானும் நீயும்' பாடல் இதில்தான் இருக்கிறது. நாம் இருவரும் சேர்ந்து உலகை மாற்றுவோம், பிறகு மற்றவர்களும் வருவார்கள் என்று சொல்லிவிட்டு, இதை முன்பும் பலர் சொல்லியிருக்கிறார்கள், அதனால் என்ன என்று தோளைக் குலுக்கிக்கொள்ளும் பாட்டு அது. அந்தத் தோள்குலுக்கலில் ஐன்ஸ்டைன் முழுதாக இருக்கிறார். இஸ்ரேலில் பள்ளி விழா முதல் ஊர்வலம் வரை எங்கும் பாடித் தேய்த்துவிட்ட பாட்டு இது. புதிதாகக் கேட்கும் அயலாருக்கு அந்தத் தேய்மானம் இல்லை என்பது ஒரு நல்வாய்ப்பு.

அதற்கடுத்து 1974இன் 'மெதுவாக ஓட்டு'. தலைப்புப் பாட்டின் வரிகள் ஐன்ஸ்டைனுடையவை, மெட்டு கவ்ரியேலோவுடையது. மழையில் நனைந்த சாலையில் நண்பர்களோடு மெதுவாகச் செல்லும் கார். உள்ளே பேச்சு அங்குமிங்கும் அலைகிறது. காசாப் பகுதியை ஒட்டிச் செல்லும்போது யாரும் கையெறிகுண்டு வீசிவிடாமல் இருக்க வேண்டுமே என்ற எண்ணம், வானிலையைப் பற்றிய எண்ணத்தைப்போல அவ்வளவு சாதாரணமாக வந்து போகிறது. போர் முடிந்த மறு ஆண்டில் ஒரு சமூகத்தின் அச்சத்தை ஒப்பாரியாகவும் வீரமாகவும் பாட ஆளிருந்தது. அதை வண்டிப் பயணத்தின் அரைத்தூக்கத்தில் ஒரு வரியாக வைத்துவிட்டு நகர்ந்தவர் இவர். மொழி தெரியாதவர் மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு முறை பின்தொடர்ந்தால் போதும். அதன் பிறகு குரலே வண்டியை ஓட்டிச் செல்லும்.

இவ்விரு தட்டுகளையும் முன்வைப்பதற்கு என் காரணம் இதுதான். கவ்ரியேலோவின் மெட்டுகள் ஐன்ஸ்டைனின் மூச்சளவுக்கு வெட்டப்பட்டவை. ஹனோக்கின் மெட்டைப் போல அவை பாடகரை இழுத்துக்கொண்டு ஓடுவதில்லை. கிராவுஸின் மெட்டைப் போல மூவரிடையே குரலைப் பங்கிடுவதும் இல்லை. எழுதியவர், பாடியவர், பாட்டுக்குள் பேசுபவர் மூவரும் ஒருவராகும் பாடல்கள் இங்கேயே மிகுதி. பின்னாளில் பெற்றோர் பலர் தம் பிள்ளைகள் வீட்டைவிட்டுப் புறப்படும்போது நினைத்துக்கொள்ளும் 'பறந்து செல், குஞ்சே' என்னும் பாடலும் இதே இருவரின் கூட்டில் வந்ததுதான்.

கவிதை வாசகர் ஒருவர் என்னிடம் கேட்டால் மட்டும் இந்த வரிசையை மாற்றிச் சொல்வேன். எபிரேயத்தில் கவிதைக்கும் பாட்டுக்கும் இடையிலான சுவர் தாழ்வானது. நூலில் வெளிவந்த நவீன கவிதை மெட்டோடு வீதிக்கு வருவது அங்கே வழக்கம். எபிரேயக் கவிஞர் பியாலிக் 1905இல் எழுதிய 'உன் சிறகின் கீழ் என்னைச் சேர்த்துக்கொள்' கவிதைக்குக் கவ்ரியேலோவ் மெட்டமைக்க ஐன்ஸ்டைன் பாடினார். ஆவ்ரஹாம் ஹல்ஃபியின் 'உன் நெற்றி அணிசெய்யப்பட்டிருக்கிறது' என்று தொடங்கும் காதல் கவிதைக்கு யொனி ரெக்தர் இசையமைத்தார். ஹல்ஃபியும் ஓஹெல் அரங்கின் நடிகர் என்பதை நினைத்தால், தந்தையின் பணியிடத்திலிருந்து ஒரு கவிதை மகனின் குரலுக்கு வந்து சேர்ந்ததாகக் கொள்ளலாம். ரெக்தரின் இசை அடுக்குகள் கொண்டது. பியானோ எதிர்பாராத சுரங்களுக்கு நகரும். மற்ற பாடகர் எவரும் அங்கே உணர்ச்சியைக் கொட்டியிருப்பார். ஐன்ஸ்டைன் ஒவ்வொரு சொல்லையும் மேசைமேல் வைப்பதுபோல் வைத்துவிட்டு விலகுகிறார். சொல்லுக்குச் சொல் பொருள் தேடிக் கேட்பவர்க்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. பொருள் தேடாமல் கேட்பவர்க்கு இது இனிமையான பின்னணி இசையாகச் சுருங்கிவிடும் அபாயமும் உண்டு.

மொழி கற்பவருக்கான வழி வேறு. குழந்தைப் பாடல்கள், குறிப்பாக 1980களின் இறுதியில் வந்த 'நானும் ஒருகாலத்தில் சிறுவன்' தட்டு, தெளிவான உச்சரிப்பும் சிறிய வாக்கியங்களும் கொண்டது. டிர்ட்ஸா அதார் எழுதி ரெக்தர் இசையமைத்த சனிக்கிழமைக் காலைப் பாட்டில், அம்மா நிறையக் காப்பி குடிக்கிறாள் என்ற வரியைக் கேட்டு முடிப்பதற்குள் நான்கு பயனுள்ள சொற்கள் நாவில் ஒட்டிக்கொள்ளும். ஐன்ஸ்டைன் குழந்தைகளுக்காகக் குரலைக் குழைத்துக்கொள்வதில்லை என்பது பெரியவர்களும் இவற்றைச் சலிப்பின்றிக் கேட்க ஒரு காரணம்.

எஞ்சியிருப்பது பிற்காலம். 1979இல் ஹனோக்குடன் மீண்டும் சேர்ந்து மேடையேறியவர், 1980களின் தொடக்கத்தில் மேடையை விட்டு விலகினார். 1982இல் அவரும் துணைவியும் சாலை விபத்தில் காயமுற்றனர். அதன் பிறகு மறையும் வரை முப்பது ஆண்டுகள் அவர் கச்சேரிக்குத் திரும்பவே இல்லை. ஆகவே நேரடி நிகழ்ச்சிப் பதிவுகளில் ஒரு பாடகரைத் தேடும் பழக்கம் உள்ளவருக்கு இங்கே தீனி குறைவு. ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் வீட்டுக்கும் இடையே கழிந்த இந்த ஆண்டுகளின் முகவரி, 1986இல் அவர் பாடிய 'வீட்டில் இருப்பதையே விரும்புகிறேன்' என்ற பாட்டு: எலுமிச்சை போட்ட தேநீர், பழைய புத்தகங்கள், பழகிய வழக்கங்கள். புகழின் உச்சியில் இருக்கும் ஒருவர் இதை நடிப்பின்றிப் பாடியதாலேயே அந்நாட்டு மக்கள் அவரைத் தங்கள் வீட்டு மனிதராக எடுத்துக்கொண்டார்கள் என்பது என் ஊகம். கிளெப்டருடன் செய்தவற்றுள் 1982இன் 'வேலிமேல் அமர்ந்து' நன்று. 2000க்குப் பின் காய் போகாத்தியோடு செய்த தட்டுகளில் குரல் சற்று மங்கியும் வரிகள் எளிமையாகியும் இருக்கின்றன. ஏற்கெனவே நேசிப்பவர்களுக்கு அவை கடிதம் போன்றவை, மற்றவர்களை அவை இழுக்கா.

ஆக, மாதத்துக்கு நான்கு மாலைகளே ஒதுக்க முடியும் என்பவருக்கு நான் சொல்லும் வரிசை: முதல் மாலை 'அவிக்டோர் வீட்டுப் புல்வெளியில்', இரண்டாம் மாலை 'மெதுவாக ஓட்டு', மூன்றாம் மாலை பின்னோக்கிச் சென்று 'ஷப்லூல்', நான்காம் மாலை பழைய நாட்டுப் பாடல் வரிசையின் முதல் தட்டு. அதற்குள் அந்த ஏக்கத்தை உள்ளே இருந்தும் வெளியே இருந்தும் பார்க்கும் அளவுக்குக் குரல் பழகியிருக்கும். மொழி கற்பவர் குழந்தைப் பாட்டையும், கவிதை வாசகர் ஹல்ஃபியையும் முன்னால் சேர்த்துக்கொள்ளலாம். தொகுப்புக் கலவைகளை இதற்கெல்லாம் பிறகு, வண்டி ஓட்டும்போது கேட்கலாம்.

2013இல் அவர் உடல் டெல் அவிவின் ராபின் சதுக்கத்தில் வைக்கப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் வந்தனர். பின்னர் பியாலிக் உறங்கும் அதே ட்ரம்பெல்டோர் இடுகாட்டில் அவரை அடக்கம் செய்தார்கள். அந்தக் காட்சிப் பதிவுகளும் இணையத்தில் கிடைக்கின்றன. ஆனால் அவற்றையும் முதலில் பார்க்க வேண்டாம் என்பேன், ஒரு நாடு அழுவதைப் பார்த்துவிட்டால் பாட்டைத் தன் காதால் எடைபோடுவது கடினமாகிவிடும்.

ஒரு பாடலை மட்டும் எந்த வரிசையிலும் நான் சேர்க்கவில்லை. எழுபதுகளின் இறுதியில் ஊரி சோஹர் திரையுலகைத் துறந்து மிகத் தீவிரச் சமயவாழ்வுக்குள் சென்று ரப்பியானார், அதாவது யூத சமயகுருவானார். ஐன்ஸ்டைனின் முதல் மனைவி அலோனாவும் அந்தப் பாதையில் சென்றார். ஐன்ஸ்டைனின் இரு மகள்கள் சோஹரின் இரு மகன்களை மணந்துகொண்டனர். ஐன்ஸ்டைன் மட்டும் தாம் நின்ற இடத்திலேயே நின்று, சமயத்துக்குத் திரும்பிவிட்ட நண்பனைப் பற்றி ஒரு பாட்டு எழுதிப் பாடினார். அதைக் கேட்பதற்கு முன், 'லூல்' துணுக்கில் அந்த இருவரும் கடற்கரை மணலில் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொள்வதைக் கட்டாயம் ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.